வடிகட்டிய வானம் ஏன் இப்படி இருக்கிறது? கோளத்தின் மேல் வீனர் வடிகட்டி, அறிகுறிவாரியாக

அண்டப் பின்னணிக் கதிர்வீச்சு வரைபடங்களை ஹீல்பிக்ஸ் (கோளத்தைச் சமப்பரப்புப் பிக்சல்களாகப் பிரிக்கும் முறை) கட்டத்தில் வைத்துக்கொண்டு, பைத்தானில் ஹீல்பை நூலகம் கொண்டு இரைச்சலை வடிகட்டிப் பார்ப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கோட்பாடு ஒரே வரிதான். கோளாறுகள்தான் பக்கம் பக்கமாக வரும். உங்கள் திரையில் என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம். ஆனால் அடுத்த மூன்று பத்திகளை மட்டும் தாண்ட வேண்டாம்.

தொலைநோக்கி தந்த வரைபடம் என்பது பீமால் (தொலைநோக்கியின் பார்வை ஒரே புள்ளியில் குவியாமல் பரவும் வடிவத்தால்) மங்கிய வானமும் இரைச்சலும் சேர்ந்தது. வானத்தின் புள்ளியியலும் இரைச்சலின் புள்ளியியலும் திசைக்குத் திசை மாறாது என்று வைத்துக்கொண்டால் வேலை எளிது. வரைபடத்தைக் கோள ஹார்மானிக் கெழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு பன்முனை எண்ணுக்கும் (இனி அதை எல் என்றே சொல்கிறேன்) ஓர் எடையால் பெருக்கி, திரும்ப வரைபடமாக்க வேண்டும். பீமை ஓரமாக வைத்துவிட்டால், அந்த எடை = சிக்னல் பவர் ÷ (சிக்னல் பவர் + இரைச்சல் பவர்). சராசரி இருமடிப் பிழையை இதைவிடக் குறைக்கும் நேரியல் வடிகட்டி கிடையாது. நார்பர்ட் வீனர் 1940-களில் காலத்தொடர்களுக்குப் போட்ட கணக்கு இது. 1994-லேயே கோபி செயற்கைக்கோளின் தரவுக்கு வந்துவிட்டது.

சரி, கையில் ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். என்சைடு (ஹீல்பிக்ஸ் கட்டத்தின் நுணுக்கத்தைச் சொல்லும் எண்) 512 என்றால் பிக்சல்கள் 12 × 512 × 512, அதாவது 31,45,728. முழுக் கோளத்தின் பரப்பான 4 பை ஸ்டெரேடியனை இதால் வகுத்தால் ஒரு பிக்சலுக்குச் சுமார் 0.000004 ஸ்டெரேடியன். பிக்சலுக்கு 100 மைக்ரோகெல்வின் வெள்ளை இரைச்சல் இருந்தால், இரைச்சல் பவர் = 100-ன் வர்க்கம் × பிக்சல் பரப்பு = சுமார் 0.04. எல்லா எல்-லுக்கும் இதே எண்தான். சிக்னல் பக்கம், முதல் சிகரமான எல் 220-ல் டி-எல் (பவரான சி-எல்லை எல் × (எல் + 1) ÷ 2 பை-யால் பெருக்கியது) சுமார் 5,700. அதைச் சி-எல் ஆக மாற்றினால் 0.74, எடை 0.95. எல் 1000-ல் டி-எல் சுமார் 1,000, சி-எல் 0.0063, எடை 0.14. நடுவில் எல் 600-ஐ ஒட்டி எடை பாதியாகிறது.

கோளாறு என்று தெரிந்ததும் எல்லோரும் வரைபடத்தைத்தான் முறைத்துப் பார்க்கிறார்கள். அதை மூடிவிட்டு, எடை வளைவை எல்-லுக்கு எதிராக வரைந்து பாருங்கள். இடது ஓரத்தில் 1-ஐ ஒட்டித் தொடங்கி, உங்கள் தரவு எந்த எல்-லில் சளைக்க வேண்டுமோ அங்கே இறங்க வேண்டும். வடிகட்டி நாம் சொன்னதைத்தான் செய்யும். சிக்னல் எவ்வளவு, இரைச்சல் எவ்வளவு என்று நாம் சொன்ன இரண்டு வளைவுகளில் ஒன்று தவறாக இருப்பதுதான் பெரும்பாலும் நடப்பது.

அறிகுறி: வரைபடம் முழுக்க ஒரே நிறம், அல்லது முழுக்க நான்

நான் என்றால் எண் அல்லாத மதிப்பு. தமிழில் எழுதினால் நம்மையே குறை சொல்வதுபோல் ஆகிவிடுகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். முப்பது லட்சம் பிக்சல்களில் ஒன்றே ஒன்று நான் ஆக இருந்தாலும் போதும். ஹார்மானிக் உருமாற்றம் முதலில் ஒவ்வோர் அட்சரேகை வளையத்தின் மீதும் ஃபூரியர் உருமாற்றம் செய்கிறது. அந்த வளையம் முழுக்கக் கெட்டுவிடும். பிறகு எல்லா வளையங்களையும் கூட்டும்போது எல்லாக் கெழுக்களும் கெட்டுவிடும். எனவே உருமாற்றத்துக்கு முன் எல்லா மதிப்புகளும் முடிவுள்ளவைதானா என்று ஒரு வரி எழுதிப் பார்த்துவிடுங்கள்.

நான் எங்கும் இல்லை, ஆனால் கெழுக்கள் 10-ன் 30-ஆம் அடுக்குக்கு மேல் போகின்றனவா? இது கொஞ்சம் நாசூக்கான கோளாறு. தரவில்லாத பிக்சல்களை ஹீல்பிக்ஸ் மைனஸ் 1.6375 × 10-ன் 30-ஆம் அடுக்கு என்ற காவல் எண்ணால் குறிக்கிறது. வரைபடத்தைக் கெழுக்களாக்கும் மேப்2ஏஎல்எம் அந்த எண்ணைப் பார்த்தால் சத்தமில்லாமல் பூஜ்யமாக எடுத்துக்கொள்ளும். ஆனால் நாம் கெல்வினை மைக்ரோகெல்வினாக்க வரைபடம் முழுவதையும் பத்து லட்சத்தால் பெருக்கினால் காவல் எண்ணும் சேர்ந்து பெருகி 10-ன் 36-ஆம் அடுக்காகிவிடுகிறது. இப்போது அது ஹீல்பைக்குக் காவல் எண் இல்லை, உண்மையான வெப்பநிலை. மாஸ்க் செய்யும் (கணக்கிலிருந்து ஒதுக்கும்) பிக்சல்களைப் பிரித்தெடுத்த பிறகுதான் அலகை மாற்ற வேண்டும்.

மூன்றாவது, ஸ்மூத்திங் அல்லது கவுஸ்_பீம் அழைப்பில் கோணத்தை எந்த அலகில் கொடுத்தீர்கள்? ஹீல்பை ரேடியனில்தான் கேட்கிறது. 5 ஆர்க்மினிட் என்பது 0.00145 ரேடியன். வெறும் 5 என்று கொடுத்தால் கோளத்தையே விழுங்கும் பீமாகிவிடும். சராசரி ஒன்றைத் தவிர மிச்சம் எதுவும் இருக்காது.

அப்புறம், கோட்பாட்டுப் பவரைக் கணக்கிடும் கேம்ப் போன்ற நிரல்கள் எல் 0, எல் 1 இரண்டுக்கும் சிக்னல் பவரைப் பூஜ்யமாகத் தருகின்றன. அதன் தலைகீழைக் கேட்டால் முடிவிலி வரும். எடையை மேலே எழுதியபடி வகுத்தலாக எழுதினால் பிரச்சினை இல்லை. சிக்னல் பவரின் தலைகீழை எங்கேயும் தனியாகக் கணக்கிடாமல் நிரலை எழுதப் பழகிக்கொள்வது நல்லது. கீழே கான்ஜுகேட் கிரேடியன்ட் (பெரிய நேரியல் சமன்பாட்டைச் சுற்றுச்சுற்றாகத் தீர்க்கும் முறை) வரும்போது இது மறுபடி உதவும்.

அறிகுறி: வடிகட்டிய பிறகும் அதே கரகரப்பு

எடை வளைவு எல் 1500 வரை 1-லேயே நிற்கிறதா? அப்படியானால் சிக்னல் பவரை மிகையாகச் சொல்லியிருக்கிறீர்கள். முதல் சந்தேகம் டி-எல், சி-எல் குழப்பம். கேம்ப் இயல்பாகத் தருவது டி-எல். அதாவது சி-எல்லை எல் × (எல் + 1) ÷ 2 பை என்ற எண்ணால் பெருக்கியது. எல் 2-ல் இந்தப் பெருக்கு எண் 1-ஐ ஒட்டியே இருப்பதால் தொடக்கத்தில் எதுவும் தெரியாது. எல் 1000-ல் அது சுமார் 1,59,000. அவ்வளவு பெரிய சிக்னல் இருக்கிறது என்று சொன்னால் வடிகட்டி எதற்காக எதையும் தடுக்கப் போகிறது?

இரண்டாவது, அலகு. பிளாங்க் செயற்கைக்கோளின் வரைபடங்கள் கெல்வினில் இருக்கும். நாம் கையில் வைத்திருக்கும் சிக்னல் பவர் மைக்ரோகெல்வின் வர்க்கத்தில் இருக்கும். பவரில் இந்த வித்தியாசம் 10-ன் 12-ஆம் அடுக்கு. எந்தப் பக்கம் பிசகியது என்பதைப் பொறுத்து வடிகட்டி எல்லாவற்றையும் விட்டுவிடும், அல்லது எல்லாவற்றையும் அடைத்துவிடும். நடுத்தரமான விளைவே வராது என்பதால் இதைக் கண்டுபிடிப்பது சுலபம்.

எடை வளைவு சரியாக இருந்தும் படம் கரகரப்பாகத் தெரிந்தால் படம் காட்டும் செயலியைப் பாருங்கள். என்சைடு 2048-ல் ஐந்து கோடிக்கு மேல் பிக்சல்கள். மால்வியூ இயல்பாக 800 புள்ளி அகலத்தில் வரையும்; ஒவ்வொரு புள்ளிக்கும் அங்கே விழும் ஒரு பிக்சலின் மதிப்பை எடுக்குமே தவிர அக்கம்பக்கத்தைச் சராசரி செய்யாது. பத்து டிகிரித் துண்டு ஒன்றை நாம்வியூவில் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு முடிவுக்கு வாருங்கள்.

அறிகுறி: எல்லாம் மழுங்கிவிட்டது

இங்கே இரண்டு விஷயங்களைப் பிரிக்க வேண்டும்: கோளாறால் மழுங்கியது ஒன்று, வீனர் வடிகட்டியின் இயல்பால் மழுங்கியது இன்னொன்று.

கோளாறு என்றால் இரைச்சலை மிகையாகச் சொல்லியிருப்பீர்கள். பிக்சல் பரப்பால் பெருக்க மறந்து, இரைச்சல் பவராக 100-ன் வர்க்கமான 10,000-ஐ அப்படியே கொடுத்தால் அது உண்மையைவிட இரண்டரை லட்சம் மடங்கு அதிகம். அப்போது எல் 2-லேயே எடை 0.1-க்குக் கீழே போய்விடும். எடை வளைவின் இடது ஓரம் 1-ஐத் தொடவில்லை என்றால் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

இன்னொன்று, இரைச்சலைத் தரவிலிருந்தே மதிப்பிடும்போது வருவது. பயணத்தின் முதல் பாதி வரைபடத்திலிருந்து இரண்டாம் பாதி வரைபடத்தைக் கழித்தால் வானம் அடிபட்டுப் போய் இரைச்சல் மட்டும் மிஞ்சும். அருமையான வழி. ஆனால் நீங்கள் வடிகட்டப்போவது இரண்டின் சராசரியை என்றால், கழித்ததையும் 2-ஆல் வகுக்க வேண்டும். வகுக்க மறந்தால் இரைச்சல் பவர் நான்கு மடங்காகிவிடும். இது பெரிய கோளாறாகக் கண்ணில் படாது. நம் உதாரணத்தில் எல் 220-ல் எடை 0.95-லிருந்து 0.82-க்கு இறங்கும், அவ்வளவுதான். படத்தைப் பார்த்து யாரும் கண்டுபிடிக்க முடியாது. கடைசித் தலைப்பில் உள்ள சோதனைதான் பிடித்துக் கொடுக்கும்.

இப்போது கோளாறு இல்லாத மழுங்கலுக்கு வருவோம். வடிகட்டிய வரைபடத்தின் பவர் ஸ்பெக்ட்ரத்தை எடுத்து, கோட்பாட்டு வளைவுக்குக் கீழே இருக்கிறதே என்று பதறுகிறவர்கள் ஏராளம். கீழேதான் இருக்க வேண்டும். எடை வ, உண்மைச் சிக்னல் பவர் ச என்றால், வெளியே வருவதன் சராசரிப் பவர் வ × ச. இரைச்சலில் மூழ்கிப் போன எல்-களில் வானம் எப்படி இருக்கிறது என்று தரவுக்குத் தெரியாது. தெரியாத இடத்தில் பூஜ்யத்தைச் சொல்வதுதான் சராசரிப் பிழையைக் குறைக்கும் பதில். ஆகவே பவர் ஸ்பெக்ட்ரத்தை அளக்க வீனர் வரைபடத்தை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பவரைக் காப்பாற்ற எடையின் வர்க்கமூலத்தால் பெருக்குகிறவர்களும் உண்டு. சராசரிப் பவர் ச-வுக்குச் சரியாக வந்து உட்காரும், உண்மைதான். ஆனால் அந்தப் பவரில் ஒரு பங்கு இரைச்சலுடையது. ஒவ்வொரு புள்ளிச் சூடும் குளிரும் எங்கே இருக்கிறது என்று கேட்பவருக்கு இது மோசமான வரைபடம். என் கணக்கில் படம் அழகாக வர வேண்டும் என்பதைத் தவிர இதற்குப் பெரிய நியாயம் இல்லை. முழுப் பவருள்ள வானம் உண்மையிலேயே தேவைப்பட்டால் நேர்மையான வழி, வீனர் வரைபடத்தின் மேல் (1 − வ) × ச பவருள்ள சீரற்ற வானம் ஒன்றைக் கூட்டுவது. இரண்டும் சேர்ந்து சரியாக ச ஆகும். அப்படி நூறு வானங்களை உருவாக்கினால், எங்கே எல்லாம் ஒன்றுபோல இருக்கின்றனவோ அங்கே தரவு பேசுகிறது. எங்கே ஆளுக்கொரு பக்கம் போகின்றனவோ அங்கே நாம் கொடுத்த முன்னனுமானம் பேசுகிறது.

அறிகுறி: வைர வடிவத் துண்டுகளாகவோ வரிவரியாகவோ சிதறிய வானம்

ஹீல்பிக்ஸ் பிக்சல்களுக்கு எண்ணிடும் ரிங் வரிசை, நெஸ்டட் வரிசை இரண்டும் கலந்துவிட்டன. பிளாங்க் வரைபடங்கள் ஃபிட்ஸ் கோப்பில் நெஸ்டட் வரிசையில் கிடக்கின்றன. ஹீல்பையின் ரீட்_மேப் தானாகவே ரிங்குக்கு மாற்றித் தருகிறது. வேறு நூலகம் வழியாகக் கோப்பைத் திறந்தால் அந்த மாற்றம் நடக்காது, ஆனால் ஹார்மானிக் உருமாற்றம் ரிங்கை மட்டும்தான் புரிந்துகொள்ளும். வரைபடம் ஒரு வழியாகவும் மாஸ்க் இன்னொரு வழியாகவும் உள்ளே வந்தால்தான் சிக்கல் அதிகம்: வரைபடம் சரியாகத் தெரியும், மாஸ்க் மட்டும் வானமெங்கும் தூவிக் கிடக்கும். மாஸ்க்கையும் ஒரு தடவை தனியாக வரைந்து பாருங்கள்.

அறிகுறி: வானத்தில் பாதி சூடு, பாதி குளிர்

இருமுனை. சூரியக் குடும்பத்தின் ஓட்டத்தால் வரும் இதன் வீச்சு சுமார் 3.36 மில்லிகெல்வின், நாம் தேடும் ஏற்ற இறக்கமோ நூறு மைக்ரோகெல்வின் அளவு. எல் 1-ல் சிக்னல் பவர் பூஜ்யம் என்று கொடுத்திருந்தால் முழு வானத்தில் வடிகட்டியே அதை நீக்கிவிடும். மாஸ்க் வந்ததும் அது பக்கத்து எல்-களுக்குக் கசிந்துவிடுகிறது. ரிமூவ்_டைபோல் கொண்டு, மாஸ்க் செய்யாத பிக்சல்களை மட்டும் வைத்துப் பொருத்தி முதலிலேயே கழித்துவிடுங்கள். முழு வானத்தையும் வைத்துப் பொருத்தினால் பால்வீதியின் வெளிச்சம் அந்தப் பொருத்தலை இழுத்துக்கொண்டு போய்விடும்.

அறிகுறி: பால்வீதித் தளத்தை ஒட்டி அலையலையாகக் கோடுகள், பிரகாசமான புள்ளிகளைச் சுற்றி வளையங்கள்

ஒவ்வோர் எல்-லுக்கும் ஓர் எடை என்ற எளிய வடிகட்டி, கோளத்தில் இடம்விட்டு இடம் பரவும் ஒன்று. ஒரு பிக்சலில் பத்தாயிரம் மைக்ரோகெல்வின் தூசி ஒளி இருந்தால் அது தன்னைச் சுற்றி வட்டவட்டமாகத் தடம் பதிக்கும். குளத்தில் கல் எறிந்த மாதிரி. எடை வளைவு எவ்வளவு செங்குத்தாக இறங்குகிறதோ அவ்வளவு தெளிவாக அலை தெரியும்; குறிப்பிட்ட எல்-லுக்கு மேல் எடையைப் பட்டென்று பூஜ்யமாக்கினால் இன்னும் மோசம்.

முதல் எண்ணம், பால்வீதியைப் பூஜ்யமாக்கிவிட்டு வடிகட்டுவோம் என்பது. பத்தாயிரத்துக்குப் பதில் பூஜ்யம் என்பது நல்ல முன்னேற்றம்தான், ஆனால் ஓரத்தில் இப்போதும் ஒரு செங்குத்துப் படி இருக்கிறது. தவிர, 'இங்கே வெப்பநிலை பூஜ்யம், அதை 100 மைக்ரோகெல்வின் துல்லியத்தில் அளந்தேன்' என்று வடிகட்டியிடம் பொய் சொல்கிறோம். அது நம்பி, ஓரத்துக்கு வெளியே உள்ள நல்ல வானத்தையும் பூஜ்யத்தை நோக்கி இழுக்கிறது. மாஸ்க் ஓரத்தை மென்மையாக்கினால் அலை அடங்கும். பொய் அப்படியே இருக்கும். பவர் ஸ்பெக்ட்ரம் அளக்கும்போது மென்மையாக்கலுக்கு நல்ல பயன் உண்டு. வரைபடத்தை வடிகட்டும் வேலையில் அது தற்காலிக மருந்துதான்.

சரியான வழி, மாஸ்க் செய்த பிக்சல்களில் இரைச்சல் முடிவிலி என்று சொல்வது. அதாவது தலைகீழ் இரைச்சல் பூஜ்யம். அந்த இடத்தில் என்ன மதிப்பு கிடந்தாலும் பூஜ்யத்தால் பெருக்கப்பட்டுப் போய்விடும் (நான் தவிர; பூஜ்யத்தால் பெருக்கினாலும் அது நான் தான்). பிளாங்க் 2018 வெப்பநிலைப் பொது மாஸ்க் வானத்தில் ஏறத்தாழ 78 சதவீதத்தை விட்டுவைக்கிறது. மிச்ச 22 சதவீதத்தில் வடிகட்டி ஓரங்களிலிருந்து உள்நோக்கி நீட்டிப் பார்க்கும். சிறிய ஓட்டைகள் நிறைந்துவிடும். பால்வீதியின் அகலமான நடுப்பகுதியில் சிறு கட்டமைப்பு எல்லாம் மங்கி, பெரிய அலைகள் மட்டும் மிஞ்சும். அது கோளாறு இல்லை. அங்கே எட்டிப் பார்க்கத் தரவு இல்லை என்பதைத்தான் அது சொல்கிறது.

இதற்கு விலை உண்டு. இரைச்சல் பிக்சல்வெளியில் எளிது, சிக்னல் ஹார்மானிக்வெளியில் எளிது; இரண்டும் ஒரே வெளியில் எளிதாக இல்லை. எல்-வாரியாக வகுத்துவிட்டுப் போக முடியாது, பெரிய நேரியல் சமன்பாட்டைத் தீர்க்க வேண்டும். என்சைடு 512-ல் எல் 1535 வரை போனால் பதினோரு லட்சத்து எண்பதாயிரம் கெழுக்கள். அந்த அளவுள்ள அணியை எழுதி வைக்கவும் முடியாது, தலைகீழாக்கவும் முடியாது. ஆகையால் கான்ஜுகேட் கிரேடியன்ட்.

அறிகுறி: கான்ஜுகேட் கிரேடியன்ட் ஒருங்கவில்லை

மிச்சப்பிழை கொஞ்ச தூரம் இறங்கி, ஓர் இடத்தில் நின்று, பிறகு மேலும் கீழும் ஆடுகிறது. இதற்கு ஆளாளுக்கு முன்சீராக்கியை (ஒருங்குவதை வேகப்படுத்தச் சேர்க்கும் தோராய அணியை) மாற்றிப் பார்ப்பார்கள். அதற்கு முன் பார்க்க வேண்டியவை இரண்டு.

கான்ஜுகேட் கிரேடியன்ட் சமச்சீரான அணிக்குத்தான் வேலை செய்யும். நம் அணியில் கெழுக்களை வரைபடமாக்கும் ஏஎல்எம்2மேப் ஒரு தடவையும் அதன் இடமாற்று வடிவம் ஒரு தடவையும் வருகின்றன. இடமாற்று வடிவத்துக்கு மேப்2ஏஎல்எம்-ஐப் போட்டுவிடுவது வழக்கம். அது இயல்பாக மூன்று திருத்தச் சுற்றுகளை ஓட்டுகிறது. கெழுக்களைத் துல்லியமாகப் பெற அது நல்லது, ஆனால் அதன்பின் அது ஏஎல்எம்2மேப்பின் இடமாற்று வடிவமே இல்லை. திருத்தச் சுற்றைப் பூஜ்யமாக்கி, வளைய எடைகளையும் அணைத்து, வருவதைப் பிக்சல் எண்ணிக்கை ÷ 4 பை என்பதால் பெருக்குங்கள். அதுதான் உண்மையான இடமாற்று வடிவம். துல்லியத்தைக் குறைக்கிறோமே என்று தோன்றும். இல்லை, இங்கே நமக்குத் தேவை தலைகீழ் அல்ல, இடமாற்று.

இரண்டாவது, உள்பெருக்கு. மெய்யான வரைபடத்துக்கு எம் (ஒவ்வோர் எல்-லுக்குள்ளும் கெழுக்களைப் பிரிக்கும் இரண்டாம் எண்) எதிர்மறையான கெழுக்கள் தனியாகத் தேவையில்லை என்பதால் ஹீல்பை எம் பூஜ்யமும் நேர்மறையும் மட்டும் சேமிக்கிறது. இரண்டு கெழுத் தொகுதிகளை அப்படியே பெருக்கிக் கூட்டினால் பாதித் தகவல் விட்டுப்போகிறது. எம் பூஜ்யக் கெழுக்களை ஒரு தடவையும், மற்றவற்றின் பெருக்கல் பலனின் மெய்ப்பகுதியை இரண்டு தடவையும் கூட்ட வேண்டும். சேமிப்பு வரிசை எம்-வாரியாக இருப்பதால் எம் பூஜ்யம் என்பது முதல் எல்-மேக்ஸ் (மிகப் பெரிய எல்) + 1 இடங்கள், பிரிப்பது சுலபம்.

இரண்டையும் சேர்த்துச் சோதிக்க ஐந்து வரி போதும். சீரற்ற கெழுத் தொகுதி ஒன்று, சீரற்ற வரைபடம் ஒன்று எடுங்கள். எம் பூஜ்யக் கெழுக்கள் மெய்யெண்ணாகவே இருக்கட்டும். கெழுக்களை வரைபடமாக்கி, எடுத்த வரைபடத்தோடு பிக்சல்வெளியில் உள்பெருக்கு எடுங்கள். வரைபடத்தை இடமாற்று வடிவத்தால் கெழுக்களாக்கி, எடுத்த கெழுக்களோடு ஹார்மானிக்வெளியில் உள்பெருக்கு எடுங்கள். இரண்டு எண்களும் பத்து இலக்கத்துக்கு மேல் ஒத்துப்போக வேண்டும். மூன்றாம் இலக்கத்திலேயே பிரிந்தால் திருத்தச் சுற்று இன்னும் ஓடுகிறது. ஏறத்தாழ இருமடங்கு வித்தியாசம் என்றால் எம் எண்ணிக்கை. பன்னிரண்டு மடங்கும் சொச்சமுமோ லட்சக்கணக்கான மடங்கோ வித்தியாசம் என்றால் பிக்சல் எண்ணிக்கையோ 4 பையோ எங்கேயோ விட்டுப்போயிருக்கிறது.

இவை சரியான பிறகும் மெதுவாகப் போனால், மாறியை மாற்றுங்கள். வானத்தை நேராகத் தேடாமல், வானத்தைச் சிக்னல் பவரின் வர்க்கமூலத்தால் வகுத்ததைத் தேடுங்கள். அணி அப்போது 1 கூட்டல் சிக்னல்-இரைச்சல் விகிதம் என்ற வடிவத்துக்கு வரும். அதன் சிறிய ஐகன்மதிப்பு 1-க்குக் கீழே போகாது. பூஜ்யச் சிக்னல் பவரால் வகுக்கும் தொல்லையும் போய்விடும். இரைச்சல் குறைந்த தரவில் பெரிய அளவுகள் கடைசியாகத்தான் ஒருங்கும். சிறு அளவுகள் மின்னல் வேகத்தில் சரியாகிவிடுவதால் மிச்சப்பிழையின் மொத்த எண் நன்றாகத் தெரியும், மாஸ்க் உள்ளே மட்டும் ஒவ்வொரு சுற்றிலும் வானம் நகர்ந்துகொண்டே இருக்கும். எனவே மொத்த எண்ணை நம்பாமல், எல் 2-லிருந்து 20 வரையுள்ள கெழுக்கள் நின்றுவிட்டனவா என்று தனியாகப் பாருங்கள்.

2013-ல் எல்ஸ்னரும் வாண்டெல்ட்டும் கொடுத்த தூதுப்புல முறை இன்னொரு வழி. இரைச்சலில் எங்கும் சமமான ஒரு பங்கைப் பிரித்தெடுத்து, அதன் வழியாகப் பிக்சல்வெளியும் ஹார்மானிக்வெளியும் மாறிமாறிப் பேசிக்கொள்ளும். எழுதுவது மிகவும் சுலபம், முன்சீராக்கி தேவையில்லை. இதில் அடிக்கடி வரும் கோளாறு ஒன்றுதான்: அந்தச் சமப் பங்கு பிக்சல்வெளியில் மாறுபாடாக இருக்கும், ஹார்மானிக்வெளிக்குப் போகும்போது பிக்சல் பரப்பால் பெருக்க வேண்டும். மறந்தால் நின்று நிதானமாகத் தப்பான விடைக்கு ஒருங்கும். வேகத்தைப் பொறுத்தவரை, அதே பிரிப்பை முன்சீராக்கியாக வைத்து ஓட்டும் கான்ஜுகேட் கிரேடியன்ட் முந்துகிறது என்று 2018-ல் வந்த ஒப்பீடு காட்டியது. ஒருமுறை மட்டும் வடிகட்டுவதென்றால் தூதுப்புலம், ஆயிரக்கணக்கில் ஓட்டுவதென்றால் கான்ஜுகேட் கிரேடியன்ட் என்பது என் கட்சி.

அறிகுறி: ஒரு பக்கம் மழுங்கல், இன்னொரு பக்கம் கரகரப்பு

இரைச்சல் எங்கும் சமம் என்ற அனுமானம் உடைந்துவிட்டது. பிளாங்க் நிமிடத்துக்கு ஒரு சுற்று சுழன்றது. அதன் பார்வைத் திசை சுழல் அச்சுக்கு ஏறத்தாழ 85 டிகிரியில் இருந்தது. அச்சு சூரியனுக்கு எதிர்ப்பக்கமாகச் சூரியவீதித் தளத்தை ஒட்டியே நகர்ந்ததால், பெரிய வளையங்கள் எல்லாம் சூரியவீதித் துருவங்களுக்கு அருகே ஒன்றையொன்று வெட்டிக்கொண்டன. துருவங்களை அது பல தடவை பார்த்தது, தளத்தைச் சில தடவைதான். சராசரி இரைச்சலை வைத்து வடிகட்டினால் துருவங்களில் தேவையில்லாமல் மழுக்கி, தளத்தை ஒட்டி இரைச்சலை விட்டுவைக்கிறோம். ஒவ்வொரு பிக்சலின் மாறுபாடும் கோப்பிலேயே இருக்கிறது. மேலே சொன்ன தலைகீழ் இரைச்சலில் அதை அப்படியே போடுங்கள். மாஸ்க்குக்காக எழுதிய நிரலில் ஒரு வரிதான் மாறும்.

அறிகுறி: சிறு அளவுகளில் பவர் வெடிக்கிறது

பீமால் முன்கூட்டியே வகுத்திருக்கிறீர்கள். பிளாங்கின் 30 கிகாஹெர்ட்ஸ் பீம் சுமார் 32 ஆர்க்மினிட் அகலம். எல் 1500-ல் அதன் எடை பத்துக் கோடியில் இரண்டு பங்கு. அதால் வகுத்த வரைபடத்தில் எண்பிழைதான் இருக்கும், வானம் இருக்காது. வகுக்காதீர்கள். எடையை பீம் × சிக்னல் பவர் ÷ (பீமின் வர்க்கம் × சிக்னல் பவர் + இரைச்சல் பவர்) என்று எழுதினால் பீமை நீக்குவதும் வடிகட்டுவதும் ஒரே படியில் பத்திரமாக நடக்கும். பிக்சல் சாளரத்தையும் (பிக்சலின் அளவால் வரும் மங்கலையும்) பீமோடு பெருக்கிச் சேர்த்துவிடுங்கள். எல்-மேக்ஸை 3 × என்சைடு − 1 வரை கொண்டுபோகலாம் என்றாலும், 2 × என்சைடுக்கு மேல் வரும் கெழுக்களை நம்பி எதையும் சொல்ல வேண்டாம்.

அறிகுறி எதுவும் இல்லை, ஆனாலும் நம்பிக்கை வரவில்லை

உண்மை தெரிந்த வானத்தை நீங்களே உருவாக்குங்கள். பவரிலிருந்து சீரற்ற வானம் உருவாக்கும் சின்ஃபாஸ்ட்டில் ஒரு சிக்னல், அதன் மேல் இரைச்சல், பிறகு உங்கள் வடிகட்டி. முழு வானத்தில், வெளியே வந்ததன் தன் பவரையும், வெளியே வந்ததற்கும் உண்மை வானத்துக்கும் உள்ள குறுக்குப் பவரையும் எடுங்கள். வடிகட்டி சரியாக இருந்தால் சராசரியில் இரண்டும் ஒன்றே, இரண்டும் வ × ச. தன் பவர் மேலே போனால் இரைச்சலைக் குறைவாகவோ சிக்னலை மிகையாகவோ சொல்லியிருக்கிறீர்கள். கீழே போனால் தலைகீழ். விகிதம் எவ்வளவு விலகுகிறதோ அவ்வளவுதான் நீங்கள் போட்ட எடைக்கும் சரியான எடைக்கும் உள்ள விகிதம். பாதிகளைக் கழித்துவிட்டு 2-ஆல் வகுக்க மறந்த அந்தக் கோளாறு எல் 220-ல் 0.86 என்று பளிச்சென்று நிற்கும்.

போலி வானத்தை உங்கள் வடிகட்டியின் அதே துணைச் செயலிகளால் உருவாக்காதீர்கள். பீமை ஆர்க்மினிட்டிலிருந்து ரேடியனாக்கும் உங்கள் சொந்தச் செயலி தப்பாக இருந்தால், இரண்டு பக்கமும் ஒரே தப்பு வந்து அடிபட்டுவிடும், சோதனை ஜெயித்துவிடும். வானத்தை ஒரு மடங்கு கூடுதல் என்சைடில், கூடுதல் எல்-மேக்ஸில் உருவாக்கிக் கீழே கொண்டுவாருங்கள். இரைச்சலைப் பிக்சல்வெளியில் நேரடியாகத் தூவுங்கள், பவர் ஸ்பெக்ட்ரத்திலிருந்து உருவாக்க வேண்டாம். பிக்சல் பரப்பை மறந்திருந்தால் அப்போதுதான் மாட்டும். எல் 2-ல் இருப்பது ஐந்தே கெழுக்கள். ஒரு போலி வானத்தில் அங்கே விகிதம் 0.9 என்று வந்தால் அதற்காக நிரலைக் கிளற வேண்டாம். விதை எண்ணை மாற்றி ஐம்பது வானங்களின் சராசரியை எடுத்த பிறகும் அதே பக்கம் நின்றால் கிளறலாம்.